அழிக்கப்பட்ட பென்சில் வட்டங்கள்

பல ஆண்டுகளுக்கு முன்பு, முதன்முறையாக நகரமன்றத் தலைவர் பொறுப்பேற்றிருந்த ஒருவரை அவருடைய அறையில் பார்க்கப் போயிருந்தேன். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்புதான் நான் நடத்திய பயிற்சி வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து, ஒரு சொல் விடாமல் குறிப்பெடுத்த பெண்மணி அவர். மறுநாள் பட்ஜெட் கூட்டம். மேசைமேல் ஒரு சாண் உயரத்துக்குத் தாள்கட்டு இருந்தது. அவர் கையில் பேனா இல்லை, ரப்பர் இருந்தது. பக்கம் பக்கமாக எதையோ அழித்துக்கொண்டிருந்தார்.

என்ன அழிக்கிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, ஒரு பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். தனக்குப் புரியாத ஒவ்வொரு சொல்லையும் சுற்றிப் பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம் போட்டிருந்தார். மறுஒதுக்கீடு, தொடக்க இருப்பு, நிலுவைப் பொறுப்பு, மூலதனக் கணக்கு. அந்த ஒரு பக்கத்திலேயே பத்துப் பன்னிரண்டு வட்டங்கள்.

"நாளைக்கு அதிகாரிகள் என் பக்கத்தில்தான் உட்காருவார்கள். இது அவர்கள் கண்ணில் படக்கூடாது," என்றார்.

அழித்த பிறகும் வட்டங்கள் முழுவதும் போகவில்லை. அழுத்தி வரைந்திருந்ததால் தாளில் மெல்லிய பள்ளமாகத் தடம் நின்றது. சாய்த்துப் பிடித்தால் தெரியும்.

உள்ளாட்சி அமைப்புகளில் தலைமைப் பண்பை வளர்ப்பது பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்தத் தாள்தான் நினைவுக்கு வருகிறது. அப்போது நான் அந்தத் துறையில் பல ஆண்டுகள் பயிற்றுநராக இருந்தவன். உறுப்பினர்களின் கடமைகள், மன்றத்தின் அதிகாரங்கள், கூட்ட நடைமுறை, நன்னடத்தை விதிகள் என்று இரண்டு நாட்களுக்கு அடுக்கி வைத்திருந்தேன். வகுப்பு முடிவில் வரும் கருத்துப் படிவங்களில் 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். அவரும் அப்படித்தான் எழுதியிருந்தார். அது பொய்யில்லை. வகுப்பு நடக்கும் வரை எல்லாம் புரிகிறது. அறைக்குத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு, தாள்கட்டைப் பிரிக்கும்போதுதான் தான் தனியாள் என்பது உறைக்கிறது.

அவருடைய நிலையை நினைத்துப் பாருங்கள். அதிகாரியிடம் கேட்டால், தலைவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்ற பேச்சு மதியத்துக்குள் அலுவலகம் முழுவதும் பரவிவிடும். சொந்தக் கட்சிக்காரரிடம் கேட்கலாமென்றால், அந்த நாற்காலிக்கு ஆசைப்பட்டவர்கள் அங்கேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். எதிர்க்கட்சியிடம் கேட்பது நடக்காத காரியம். வீட்டில் உள்ளவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. வாக்களித்தவர்களோ எல்லாம் தெரிந்தவர் என்று நம்பித்தான் அனுப்பியிருக்கிறார்கள். சுற்றிலும் இத்தனை பேர் இருந்தும் ஒரு சந்தேகத்தைக் கேட்க ஆளில்லை. ஒரு நாட்டின் அமைச்சருக்கு ஆலோசகர்கள் உண்டு, செயலாளர்கள் உண்டு, உரை எழுதித் தருபவர்கள்கூட உண்டு. தெருவிளக்கும் குடிநீரும் குப்பையும் யார் பொறுப்போ, அவருக்கு ஒரு ரப்பர்தான் இருக்கிறது.

"இதையெல்லாம் உங்களிடம் கேட்கலாமா?" என்றார். கேளுங்கள் என்றேன். மூன்றாவது வட்டத்திலேயே நானும் தடுமாறினேன். சொல்லின் பொருள் எனக்குத் தெரியும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு கூட்டத்தில் என்ன செய்வது என்பது தெரியாது. நான் ஒருநாளும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் இல்லை.

அன்று நான் செய்த உருப்படியான காரியம் ஒன்றுதான். வேறொரு நகரத்தில் இரண்டு முறை தலைவராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் வேறு கட்சி. சொல்லப்போனால் நேர் எதிர்க் கட்சி. விஷயத்தைச் சொன்னதும் "அவரிடம் கொடுங்கள்" என்றார். ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். அவர் தொடங்கிய விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை: "முதல் ஆண்டு எனக்கும் இதெல்லாம் புரியவில்லை அம்மா. புரிந்ததுபோல் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலைச் சரிசெய்ய மீதி நான்கு ஆண்டுகள் ஆயின."

பிறகு அவர் மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளச் சொன்னார். போன ஆண்டு ஒதுக்கிச் செலவாகாமல் நின்ற தொகை எது, ஏன் நின்றது? இந்த ஆண்டுப் பணத்தில் ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டுக் கைவிட்டுப் போனது எவ்வளவு? வரவு பத்தில் ஒரு பங்கு குறைந்தால் முதலில் எந்த வேலை நிற்கும்? மறுநாள் கூட்டத்தில் அவர் இந்த மூன்றையும் கேட்டார். மூன்றாவது கேள்விக்குக் கணக்குப் பிரிவிடம் பதில் தயாராக இல்லை. கூட்டத்தை ஒத்திவைத்து, பதிலோடு வரச் சொன்னார். அந்த மன்றத்தில் அதற்கு முன்பு யாரும் அப்படிச் செய்ததில்லை என்று பிறகு தெரிந்தது.

என் இரண்டு நாள் வகுப்பு செய்யாததை அந்த ஒன்றரை மணி நேரம் செய்தது. ஏன் என்று நான் தேடத் தொடங்கியபோதுதான் ரெக் ரெவன்ஸ் என்ற பெயர் கண்ணில் பட்டது. பிரிட்டனைச் சேர்ந்த அவர் இயற்பியல் படித்தவர். கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியத்தில் பயிற்சிப் பொறுப்பை ஏற்றபோது, சுரங்க மேலாளர்களுக்கு வகுப்பெடுக்க வெளியிலிருந்து நிபுணர்களைக் கூட்டி வருவதில் அவர் பெரிய நம்பிக்கை வைக்கவில்லை. மேலாளர்களையே சிறு குழுக்களாக உட்கார வைத்து, ஒருவர் சுரங்கத்தின் சிக்கலை மற்றவர் முன் வைக்கச் செய்தார். அறிவுரைக்கு அவர் அதிகம் இடம் தரவில்லை. கேள்விதான் முக்கியம். ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்ட அறிவும், நேர்மையான கேள்வியும் சேர்ந்ததே கற்றல் என்பது அவருடைய கணக்கு. நான் அதுவரை முதல் பாதியை மட்டுமே விற்றுக்கொண்டிருந்தேன்.

இங்கிலாந்தில் உள்ளாட்சி அமைப்புகளே இதை ஒரு ஏற்பாடாகச் செய்துவருகின்றன. அங்கே 1983 முதல் தணிக்கை ஆணையம் ஒன்று இருந்தது. உள்ளாட்சி மன்றங்களை ஆய்வு செய்து மதிப்பெண் போட்டுத் தரம் பிரித்த காலமும் உண்டு. அதைக் கலைக்கப்போவதாக 2010இல் அரசு அறிவித்தது. 2015இல் அது மூடப்பட்டது. ஆணையத்தின் எல்லா வேலைகளையும் ஈடுசெய்வது அல்ல என்றாலும், உள்ளாட்சிகளின் சங்கம் நடத்தும் சக மதிப்பாய்வு முக்கியமான இடத்துக்கு வந்தது. வேறு மன்றங்களின் உறுப்பினர்களும் மூத்த அதிகாரிகளும் ஒரு குழுவாக வந்து சில நாட்கள் தங்குவார்கள். தலைவர் முதல் கடைநிலைப் பணியாளர் வரை பலரிடம் தனித்தனியாகப் பேசுவார்கள். கடைசி நாளில், கண்டதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போவார்கள். பிறகு அறிக்கை வரும். வந்தவர்கள் யாரும் ஆய்வாளர்கள் இல்லை. அடுத்த வாரம் தங்கள் ஊருக்குத் திரும்பி அதே தலைவலியோடு மல்லுக்கட்டப் போகிறவர்கள். அதனால்தான் அவர்கள் சொல்வது உள்ளே இறங்குகிறது.

இதை நான் உச்சிமேல் தூக்கி வைக்கவில்லை. அதற்கும் குறைகள் உண்டு. மனமிருந்தால்தான் மருந்து என்ற நிலை. மதிப்பாய்வைக் கேட்டு வாங்கி, புகைப்படம் எடுத்துக்கொண்டு, பரிந்துரைகளை அலமாரியில் வைத்துப் பூட்டவும் முடியும். இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 114ஆம் பிரிவின்படி, வரவைத் தாண்டிச் செலவு போகிறது என்றால் நிதி அதிகாரியே அறிவிப்பு வெளியிட வேண்டும். 2018இல் நார்த்தாம்ப்டன்ஷயர், 2022இல் தரக், 2023இல் வோக்கிங், அதே ஆண்டு பர்மிங்காம் என்று மன்றம் மன்றமாக அந்த அறிவிப்புகள் வந்தன. தரக்கும் வோக்கிங்கும் தங்கள் அளவுக்குப் பொருந்தாத பெருங்கடன் வாங்கி முதலீடுகளில் போட்டவை. அந்த எண்கள் மன்றத்தின் முன்னால் வந்த நாட்களில் எத்தனை உறுப்பினர்கள் மனதுக்குள் வட்டம் போட்டிருப்பார்கள், எத்தனை பேர் அதை அழித்திருப்பார்கள் என்று நான் நினைக்காத நாளில்லை.

கேள்வியை அடக்கிக்கொள்வதன் விலை பணம் மட்டும் என்றால்கூட ஆறுதல் கொள்ளலாம்.

விக்டோரியா கிளிம்பியே என்ற 8 வயதுச் சிறுமி 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் லண்டனில் இறந்தாள். ஐவரி கோஸ்டிலிருந்து நல்ல வாழ்க்கை கிடைக்கும் என்று நம்பி அனுப்பப்பட்ட குழந்தை. பாதுகாக்க வேண்டிய உறவினரும் அவருடைய துணைவரும் அவளைச் சித்திரவதை செய்தார்கள். இருவரும் கொலைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். ஆனால் அந்தக் குழந்தை யார் கண்ணிலும் படாமல் இறந்துவிடவில்லை. உள்ளாட்சிகளின் சமூகப் பணித் துறைகள் நான்கு, இரண்டு மருத்துவமனைகள், காவல்துறையின் குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவுகள், ஒரு தொண்டு நிறுவனம் என்று எல்லோருக்கும் அவளைப் பற்றி ஏதோ ஒரு துண்டு தெரிந்திருந்தது. லார்டு லேமிங் தலைமையிலான விசாரணையின் அறிக்கை 2003இல் வெளிவந்தது. குறைந்தது 12 தடவை அவளைக் காப்பாற்ற வாய்ப்பு இருந்தது என்று அது கண்டறிந்தது. பெரிய தியாகம் எதுவும் தேவைப்பட்டிருக்காது. ஒருவர் மற்றவரிடம் சரியாகக் கேட்டிருந்தால் போதும் என்ற அளவிலான வாய்ப்புகள் அவை.

அதன் பிறகு வந்த 2004ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், உள்ளாட்சிகளும் மற்ற அமைப்புகளும் ஒத்துழைத்தாக வேண்டும் என்பதைச் சட்டக் கடமையாக்கியது. அது வேண்டியதுதான். ஆனாலும் அந்த அறிக்கையைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அடிமட்டத்தில் இருந்த பணியாளர்கள்தான் கண்முன் வருகிறார்கள். அனுபவம் குறைந்தவர்கள், தலைக்குமேல் கோப்புகள், வழிகாட்ட வேண்டிய மேலதிகாரியின் வழிகாட்டல் கிடைக்காதவர்கள். தனக்கே தோள் இல்லாதவர் இன்னொரு துறையின் கதவைத் தட்ட மாட்டார். தட்டினால் 'உனக்குத் தெரியாதா' என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம். அதனால் தன் பங்குக்கு ஒரு கடிதம் எழுதிக் கோப்பில் வைத்துவிட்டு, கடமை முடிந்தது என்று நகர்ந்துவிடுவார்.

ஆதரவு, தலைமைப் பயிற்சி, கூட்டாக வேலை செய்தல் ஆகிய மூன்றையும் மூன்று திட்டங்களாக, மூன்று நிதித் தலைப்புகளின் கீழ் நடத்துகிறோம். பயிற்சிக்கு ஒரு பிரிவு, ஒருங்கிணைப்புக்கு ஒரு குழு, ஆதரவுக்குத் தொலைபேசி எண் ஒன்று. எனக்கு இவை மூன்றும் ஒரே காரியமாகத்தான் படுகின்றன. தனியாக விடப்பட்டவர் தன்னைக் காத்துக்கொள்வார், பிறரோடு சேர மாட்டார். 'எனக்குத் தெரியவில்லை' என்று ஒரு இடத்திலாவது பயமின்றிச் சொல்ல முடிந்தவர்தான் இன்னொரு துறையிடம் போய் 'உங்களுக்குத் தெரியுமா' என்று கேட்பார்.

இதை நான் கண்ணால் கண்டது ஒரு சுவரின் முன்னால்.

ஒரு நகரத்தில் ஒரே தெருவை ஓராண்டுக்குள் மூன்று முறை தோண்டிவிட்டார்கள். முதலில் குடிநீர்ப் பிரிவு குழாய் பதித்தது. சாலைப் பிரிவு தார் போட்டு மூடியது. இரண்டு மாதம் கழித்துக் கழிவுநீர்ப் பிரிவு வந்து அதே தாரை உடைத்தது. மக்கள் மறியல் செய்யாத குறை. ஒருங்கிணைப்புக் குழு என்று ஒன்று ஏற்கெனவே இருந்தது, மாதம் ஒருமுறை கூடியது. துறைத் தலைவர்கள் தங்கள் பிரதிநிதிகளை அனுப்புவார்கள். முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாத பிரதிநிதிகள், 'மேலே கேட்டுச் சொல்கிறோம்' என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துக் கலைவார்கள். கூட்டக் குறிப்பு மட்டும் அழகாகத் தட்டச்சாகி வரும்.

என்னை அந்தக் குழுவைச் சீர்செய்யத்தான் அழைத்தார்கள். குழுவை அப்படியே விட்டுவிட்டு, நகர வரைபடம் ஒன்றைச் சுவர் அளவுக்கு அச்சிட்டு, மூன்று பிரிவினரும் கடந்துபோகும் நடைபாதையில் ஒட்டச் சொன்னேன். பிரிவுக்கு ஒரு நிறப் பென்சில். ஒவ்வொரு திங்கட்கிழமையும் களத்தில் நிற்கும் மேற்பார்வையாளர்கள் வந்து, அடுத்த ஆறு மாதத்தில் எங்கே தோண்டப்போகிறார்கள் என்று கோடு போட வேண்டும். உட்கார நாற்காலி கிடையாது. இருபது நிமிடம்.

முதல் திங்கட்கிழமை ஒருவரும் கோடு போடவில்லை. பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாவது திங்கட்கிழமையும் அப்படியே. எனக்கு எரிச்சல் வந்தது. பிறகுதான் காரணம் புரிந்தது. கோடு போட்டால் அது வாக்குறுதி. நடக்காவிட்டால் யார் போட்ட கோடு என்று விரல் நீளும். போடாமல் இருப்பவர்மேல் எந்தப் பழியும் வராது. அரசு அலுவலகத்தில் பல ஆண்டுகள் இருந்தவர்களுக்கு இந்தப் பாடத்தை யாரும் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மூன்றாவது வாரம், கழிவுநீர்ப் பிரிவின் மூத்த மேற்பார்வையாளர் ஒருவர் முன்னால் வந்தார். ஓய்வு பெற ஒரு வருடமோ என்னவோ மிச்சம் இருந்தது. வடக்குப் பக்கம் ஒரு தெருவில் பழுப்பு நிறத்தில் கோடு இழுத்தார். கோட்டின் அருகே பொடி எழுத்தில் 'உறுதியில்லை' என்று எழுதினார். எழுதிவிட்டு, "பணம் வருமா என்று தெரியவில்லை. வந்தால் இங்கேதான் தோண்டுவேன்," என்றார்.

சில நொடிகள் யாரும் பேசவில்லை. பிறகு சாலைப் பிரிவின் இளைஞர், "ஐயா, அந்தத் தெருவுக்கு அடுத்த மாதம் தார் போட டெண்டர் முடிந்துவிட்டது," என்றார். "எப்போது பணம் தெரியும்?" என்றார் குடிநீர்ப் பிரிவுக்காரர். மூவரும் வரைபடத்தின் அந்த மூலைக்கு நகர்ந்தார்கள். அன்று இருபது நிமிடம் ஒரு மணி நேரமானது. அடுத்த சில வாரங்களில் அந்த வரைபடம் கோடுகளால் நிரம்பியது. பாதிக் கோடுகளின் பக்கத்தில் 'உறுதியில்லை' என்ற சொல். அந்தச் சொல்லை எழுதலாம் என்று ஒருவர் காட்டிய பிறகுதான் மற்றவர்களுக்குக் கை வந்தது.

அந்தத் தெருக்களில் தார் போடும் வேலை பல இடங்களில் தள்ளிப்போனது. குறை சொன்னவர்களும் உண்டு. ஆனால் போட்ட தார் போட்டபடி இருந்தது. அந்த மூத்த மேற்பார்வையாளரை எந்தத் தலைமைப் பயிற்சிக்கும் யாரும் அனுப்பியதில்லை. தலைமைப் பயிற்சிக்கு அனுப்பப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே நாற்காலியில் இருப்பவர்கள்தான். இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

அதிகாரிகளின் தனிமையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அமெரிக்காவின் டேட்டன் நகரத்தை 1913 மார்ச்சில் பெருவெள்ளம் மூழ்கடித்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு, 1914இல் அந்த நகரம் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் கொள்கை வகுக்க, தொழில்முறை மேலாளர் ஒருவர் நிர்வாகம் நடத்தும் முறைக்கு மாறியது. அதே 1914இல்தான் நகர மேலாளர்கள் தங்களுக்கென ஒரு சங்கமும் அமைத்துக்கொண்டார்கள். 1924இல் தங்களுக்கான நெறிமுறைகளை வகுத்தார்கள். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. எனக்கு இது தற்செயலாகத் தோன்றவில்லை. ஊருக்கு ஒருவராக இருக்கும் அதிகாரிக்குத் தன் ஊரில் சகா கிடையாது. சகாவை அடுத்த ஊரில்தான் தேட வேண்டும்.

தலைவரும் தலைமை அதிகாரியும் ஒருவரை ஒருவர் கோப்பு வழியாகவே சந்திப்பதுதான் நான் கண்ட பெரும்பாலான சச்சரவுகளின் தொடக்கம். வாரம் அரை மணி நேரம் கோப்பு இல்லாமல் இருவரும் உட்காருங்கள் என்று எத்தனையோ இடங்களில் சொல்லியிருக்கிறேன். கோப்பு இல்லாமல் என்ன பேசுவது என்று கேட்பார்கள். எதைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள் என்று மற்றவரிடம் கேளுங்கள், அது போதும் என்பேன். கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்கள் மன்றங்களில் குரல் உயர்வது குறைந்தது.

இந்தியாவில் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தபோது, ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு என்றானது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கேற்ப இடங்கள். லட்சக்கணக்கானோர் முதன்முறையாக அந்த நாற்காலிகளுக்கு வந்தார்கள். அவர்கள் வந்ததால் மாற்றம் இருந்ததா என்ற கேள்விக்கு, ராகபேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் 2004இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகவே பதில் சொன்னது. மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் பெண்கள் தலைமை வகித்த ஊராட்சிகளில் குடிநீர் போன்ற பெண்களின் தேவைகளுக்குக் கூடுதலாகப் பணம் போனது. ஆனால் ஒதுக்கீடு சுழற்சி முறையில் இடம் மாறுகிறது. கற்றுத் தேர்ந்த நேரத்தில் நாற்காலி அடுத்தவருக்குப் போய்விடும். சுழற்சியை நான் குறை சொல்லவில்லை. வாய்ப்பு பரவ வேண்டும். ஆனால் ஐந்தாண்டு கற்றதை அடுத்து வருபவரிடம் கையளிக்க ஓர் ஏற்பாடு வேண்டாமா? சாவியையும் முத்திரையையும் ஒப்படைக்கப் பதிவேடு இருக்கிறது. அனுபவத்தை ஒப்படைக்க இல்லை.

கேரளத்தில் இதற்கு வேறொரு வழி தானாக அமைந்தது. 1996இல் அங்கே மக்கள் திட்ட இயக்கம் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளின் கைக்குப் போனபோது, கூடவே பெரும் அளவில் பயிற்சியும் நடந்தது. 1998இல் குடும்பஶ்ரீ வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் பத்து, இருபது பேராகச் சேர்ந்து வாரம்தோறும் கூடும் குழுக்கள். சேமிப்பும் கடனும்தான் வெளியே தெரிந்த வேலை. ஆனால் அங்கேதான் அவர்கள் கணக்கு எழுதவும், ஒருவர் சொல்வதை மறுத்துப் பேசவும், கூட்டம் நடத்தவும் பழகினார்கள். பிறகு வந்த தேர்தல்களில் அங்கிருந்து ஏராளமான பெண்கள் உள்ளாட்சிகளுக்கு வந்தார்கள். நாற்காலிக்கு வரும்போதே அவர்களுக்குப் பின்னால் ஒரு குழு இருந்தது. பொறுப்பேற்ற பின் தேட வேண்டிய தோள் முன்னாலேயே கிடைத்துவிட்டது.

கூட்டாக வேலை செய்தல் என்று சொல்லி எல்லாவற்றையும் இணைத்துவிடத் துடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். சின்ன மன்றங்களைப் பெரிதாக்கினால் செலவு குறையும் என்பார்கள். பிரான்ஸில் கொம்யூன் எனப்படும் அடிமட்ட உள்ளாட்சிகள் இன்றும் சுமார் 35,000 இருக்கின்றன. பலவற்றில் சில நூறு பேர்தான். அவற்றைக் கலைக்காமலே, தண்ணீர், குப்பை போன்ற காரியங்களுக்குச் சேர்ந்து செயல்பட 1890லேயே சட்டம் செய்தார்கள். இன்று ஏறக்குறைய எல்லாக் கொம்யூன்களும் ஏதாவது ஒரு கூட்டமைப்பில் இருக்கின்றன. அதிலும் சச்சரவுகள் உண்டு. ஆனால் அவரவர் மேயர் அவரவர் ஊரில் இருக்கிறார். ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்துவிட்டால் பேசிக்கொள்வார்கள் என்பது உண்மையென்றால், அந்தத் தெருவை மூன்று முறை தோண்டியிருக்க மாட்டார்கள். அந்த மூன்று பிரிவுகளும் ஒரே கட்டிடத்தின் ஒரே மாடியில்தான் இருந்தன.

அந்த நகரமன்றத் தலைவரை மூன்று ஆண்டுகள் கழித்து மறுபடி பார்த்தேன். இடைத்தேர்தலில் வென்று வந்திருந்த ஓர் உறுப்பினருக்கு உதவி வேண்டும், வர முடியுமா என்று கேட்டிருந்தார். அந்த உறுப்பினர் எதிர்க்கட்சிக்காரர். நான் போனபோது இருவரும் மேசையின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் அந்த ஆண்டின் பட்ஜெட் கட்டு, பக்கத்தில் ஓரம் மடிந்த பழைய கட்டு ஒன்று.

தலைவர் பழைய கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். "தெரிகிறதா?" என்றார். அந்தப் பெண் குனிந்து பார்த்தார். பள்ளமாக நின்ற வட்டங்களை விரலால் தடவினார். அவர் கையில் இருந்த புதிய கட்டிலும் அங்கங்கே வட்டங்கள் இருந்தன.

"நான் அழித்தேன். நீங்கள் அழிக்க வேண்டாம்," என்றார் தலைவர். "கணக்கு அலுவலரை வரச் சொல்லியிருக்கிறேன்."

சற்று நேரத்தில் கணக்கு அலுவலர் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் வட்டத்திலிருந்து தொடங்கினார். பொறுமையாகத்தான் சொன்னார். நாற்பது நிமிடம் போயிருக்கும். ஏழாம் பக்கத்தில் ஒரு வட்டத்தில் விரலை வைத்தவர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"இந்தத் தொகை எப்படி இங்கே வந்தது என்று நானே கேட்டுத்தான் சொல்ல வேண்டும்," என்றார்.

அந்த உறுப்பினர் தன் பென்சிலை அவரிடம் நீட்டினார். கணக்கு அலுவலர் அதை வாங்கி, அந்த வட்டத்தைச் சுற்றி இன்னொரு வட்டம் போட்டார்.